புல்லட்டின் போர்டுச் செய்திகளை இணைப்பின்றி வாசிக்கும் மென்பொருளை ஏன் தனித்தனிப் பகுதிகளாக அமைக்க வேண்டும்?

புல்லட்டின் போர்டு என்பது மோடம் வழியாகத் தொலைபேசியில் அழைத்துச் சேரும் கணினி அறிவிப்புப் பலகை. முதலாவது 1978இல் சிகாகோவில் தொடங்கியது. அக்காலத்தில் பலவற்றுக்கு ஒரே தொலைபேசி இணைப்புத்தான் இருந்தது. ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, கட்டணமும் ஏறியது. அதனால்தான் செய்திகளை ஒரே பொதியாக இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆறுதலாக வாசிக்கும் மென்பொருள் வந்தது.

இதை ஒரு படகுப் பயணத்தோடு ஒப்பிடலாம். இலங்கையின் மட்டக்களப்பில் உள்ள மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் முன், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்கப் படகு வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தடவை துறை கடப்பவர் உண்டா? எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுவந்து, திண்ணையில் இருந்து வாசித்து, பதில்களை அடுத்த பயணத்தில் கொண்டுபோவதே முறை.

பகுதிகளாகப் பிரிப்பதற்குக் காரணம், பொதிகள் ஒரே வடிவில் வருவதில்லை என்பதே. கியூடபிள்யூகே (QWK) என்ற பொதி வடிவில் செய்திகள் 128 பைட் துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும். வரி முடிவைக் காட்டுவது 227 என்ற பைட். புளூவேவ் (Blue Wave) என்ற மற்றொரு பொதி வடிவின் அமைப்பு வேறு. ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் 227ஆம் இடத்தில் ஓர் எழுத்து இருந்தால், அது மறைந்து அந்த இடத்தில் வரி உடைந்துவிடும். பொதியைப் பிரிக்கும் பகுதி தனியாக இருந்தால் அங்கே மட்டும் கைவைத்தால் போதும். திரையும் பதில் எழுதும் பகுதியும் அப்படியே இருக்கும். எனக்கு இதுவே மிகப் பெரிய பயனாகத் தெரிகிறது.

இணைப்பின்றி வாசிப்பது என்றால் இணைப்பே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொதியை இறக்கவும் பதில்களை ஏற்றவும் சில நிமிட அழைப்பு கட்டாயம் வேண்டும்.