லண்டன்ல சவுத்தால் பஞ்சாபி ஏரியாவை நடந்தே சுத்திப் பார்க்கலாமா? என்ன சாப்பிடலாம்?

தாராளமா பார்க்கலாம், அரை நாள் போதும். ஆனா நிறைய பேர் பண்ற தப்பு, ஸ்டேஷன்ல இறங்கினதும் நேரா பிராட்வேங்கற கடைத்தெரு பக்கம் போய் முதல் கடையிலேயே வயிறை ரொப்பிக்கறது. நான் மொத தடவை அப்படித்தான் பண்ணேன், அப்புறம் நடக்கவே முடியல.

பாடிங்டன்ல எலிசபெத் லைன் புடிச்சா இருபது நிமிஷத்துக்குள்ள சவுத்தால். ஸ்டேஷன் போர்டுலயே குர்முகி, அதாவது பஞ்சாபி எழுத்து இருக்கும். வெளிய வந்து பிராட்வேக்கு எதிர்த்திசையில நடந்தா ஹேவ்லாக் ரோடு. 1857 கிளர்ச்சியை அடக்கின அதே ஜெனரல் ஹேவ்லாக்தான், அந்தமான்ல ஒரு தீவுக்கு முன்ன இருந்த பேரும் அவரோடதுதான். இப்ப குருத்வாரா (சீக்கியர் கோயில்) இருக்கற பகுதிக்கு குரு நானக் ரோடுன்னு மாத்திட்டாங்க.

ஸ்ரீ குரு சிங் சபா குருத்வாரா 2003-ல திறந்தது. செருப்பைக் கழட்டி, தலைக்கு துணி கட்டிட்டு (இல்லாதவங்களுக்கு அங்கயே இருக்கும்) இலவசமா சாப்பாடு போடற லங்கர் ஹால்ல உக்காந்துடுங்க, யார் எவர்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒரு தாத்தா "பர்ஷாதா, பர்ஷாதா"ன்னு வந்தார், நான் சக்கரைப் பொங்கல் நெனப்புல கையை நீட்டினா விழுந்தது ரொட்டி! அங்க ரொட்டிக்கே அதான் பேரு. ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கணும், வாங்கினதை மிச்சம் வைக்கக் கூடாது. நான் கேட்டு கேட்டு வாங்கிட்டு தால்ல முக்கி முழுங்கின கதை வேற.

அப்புறம் திரும்பி பாலம் ஏறி சவுத் ரோட்டுல போனா, ஓட்டுக் கூரையில டிராகன் உக்காந்திருக்கற பழைய தியேட்டர் ஒண்ணு, 1929-ல சீனக் கோயில் மாதிரி கட்டினது. பின்னாடி ஹிமாலயா பேலஸ்னு ஹிந்திப் படம் ஓட்டினாங்க.

பிராட்வேல ஜிலேபி, சமோசா எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொல்றது மோகோ. நம்ம மரவள்ளிக்கிழங்கை வறுத்து மசாலா போட்டது. பஞ்சாப்ல இது ஏதுன்னு கேப்பீங்க, இது கென்யா, உகாண்டா வழியா வந்தது. 1950-கள்ல பக்கத்து ஹேய்ஸ் ரப்பர் ஃபேக்டரி வேலைக்கு பஞ்சாப்ல இருந்து நேரா வந்தவங்க ஒரு கூட்டம், ஆப்பிரிக்காவுல ரெண்டு தலைமுறை இருந்துட்டு 1968, 72 வாக்குல கிளம்பி வந்தவங்க இன்னொரு கூட்டம், மோகோ இவங்களோட வந்ததுதான். கிழங்குன்னா நம்ம நாக்குக்கு சொல்லவா வேணும், எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்க.

டவுன் ஹால் பக்கம் போனா ரெண்டு நிமிஷம் நில்லுங்க. 1979 ஏப்ரல் 23, நேஷனல் ஃப்ரண்ட் இனவெறிக் கட்சி இங்க கூட்டம் போட்டப்ப ஊரே எதிர்த்து ரோட்டுக்கு வந்துச்சு, அன்னிக்கு வாங்கின போலீஸ் அடியில செத்துப்போன பிளேர் பீச் ஒரு நியூசிலாந்து வாத்தியார்.

ஜிலேபியை பார்சல் மட்டும் வாங்காதீங்க, பாடிங்டன் வர்றதுக்குள்ள நமுத்துப் போயிடும். வாசல்ல சுத்தி எடுக்கறப்பவே நின்னு தின்னுடுங்க.