கிளைக் கடைக்கு ரிமோட் கனெக்‌ஷன்: லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேரின் டேட்டா, கடைக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2019 என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் இருக்கிறது. இப்போது மயிலாடுதுறையில் தம்பி ஒரு கிளை திறந்திருக்கிறான். அங்கே போடும் பில்லும் இங்கேயே ஏற வேண்டும். சாஃப்ட்வேர் கொடுத்தவர், “எக்ஸ்பிரஸ் இலவசப் பதிப்பு சார், வெளியிலிருந்து கனெக்‌ஷன் எடுக்காது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பின் லைசென்ஸும், மாறாத இணைய முகவரியான ஸ்டாட்டிக் ஐபியும் வாங்கிவிடுங்கள்” என்கிறார். கொட்டேஷனைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: லைசென்ஸ் வேண்டாம். எக்ஸ்பிரஸ் வெளியிலிருந்து கனெக்‌ஷன் எடுக்கும். நிறுவும்போது அந்த வழி மூடியபடி வருகிறது, அவ்வளவுதான். கதவு பூட்டியிருக்கிறது என்றதும் வேறு வீடு வாங்கச் சொல்கிறார் அவர்.

எக்ஸ்பிரஸுக்கு எல்லை இல்லாமல் இல்லை. உங்கள் 2019 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. நினைவகமும் சுமார் 1.4 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும். கடைக் கம்ப்யூட்டரில் .எம்டிஎஃப் (.mdf) என்று முடியும் ஃபைல் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இரண்டு மூன்று ஜிபி என்றால் இப்போதைக்குக் கவலையில்லை.

செய்ய வேண்டிய வேலை தெரிந்தவருக்கு அரை மணி நேரம். எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபி என்ற நெட்வொர்க் வழியை ‘எனேபிள்’ செய்ய வேண்டும். எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல் எண்) மாற்றக்கூடும் என்பதால், ‘ஐபி ஆல்’ பகுதியில் டைனமிக் போர்ட்டை அழித்துவிட்டு 1433 என்று நிலையாக எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு வழி விட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி வேலையில்தான். பில்லிங்குக்கென்று தனி லாகின் ஒன்றும் போடச் சொல்லுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ‘எஸ்ஏ’ கணக்கைக் கிளைக்குக் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னது ஒரே கட்டடத்துக்குப் போதும். மயிலாடுதுறைக்குப் போதாது. சிலர் ரவுட்டரில் 1433ஐ அப்படியே இணையத்துக்குத் திறந்து விட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இணையத்தில் தெரியும் டேட்டாபேஸ்களைத் தேடி, பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் இரவு பகல் ஓடுகின்றன. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு, திருத்தம் போடாத எஸ்க்யூஎல் சர்வர்கள் வழியாகச் சில நிமிடங்களில் உலகைச் சுற்றியது.

இரண்டு கடைக்கும் நடுவே ஒரு விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் சாஃப்ட்வேர் இலவசம். ஆனால் ஒரு முனைக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி வேண்டும். ரவுட்டரில் வெளிப்பக்கத்துக்கு உள்ள வான் (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது ஸ்டாட்டிக் ஐபி கேட்பதில் நியாயம் இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவையைப் பயன்படுத்தினால் அதுவும் தேவைப்படாது. வணிகப் பயன்பாட்டுக்கு என்ன கட்டணம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள். கிளைக்கான பில்லிங் சாஃப்ட்வேர் உரிமம், செட்டப் கூலி இரண்டும் அவர் கேட்கக்கூடியவை. மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் என்று எழுதியிருப்பதை நீக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதைப் பொதுவாக ஏற்காது. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கினால்தான் விலக்கு. கிளை போட்டவர் அந்த விலக்கைக் கேட்டால் வாதம் நீளும்.

சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: தீபாவளி நெரிசலில் மயிலாடுதுறையில் நெட் போனால் பில் போட முடியுமா? எல்லா பில்லும் நேராகக் கும்பகோணம் சர்வரில் எழுதப்படுமானால் முடியாது. கிளையிலேயே சேமித்து, நெட் வந்ததும் அனுப்பும் வசதி அந்த சாஃப்ட்வேரில் இருந்தால், கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள்.