கொல்லும் பேட்மேன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

தொண்ணூறுகளின் அமெரிக்க காமிக்ஸ் பற்றிய கட்டுரையில் அஸ்ரேலை இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அவன் வரும் 'நைட்ஃபால்' என்ற பேட்மேன் கதைத் தொகுதிகளைச் சமீபத்தில்தான் படித்து முடித்தேன். அசல் பேட்மேனான புரூஸ் வேய்னைவிட, அவன் இடத்துக்கு வந்த அஸ்ரேலை, அதாவது ழான் பால் வேலியைத்தான் எனக்குப் பிடித்தது. வில்லன் ஜோக்கரைப் பிடிப்பது, ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் அடைப்பது, அவன் தப்பி வந்து பத்துப் பேரைக் கொல்வது, திரும்பவும் பிடிப்பது. இதற்கு ஒரு முடிவு கட்டத் துணிந்தவனைப் பைத்தியக்காரனாக்கி வெளியே தள்ளிவிட்டார்கள். எழுதியவர்களுக்குத் தைரியம் போதவில்லை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அவனை வெளியே தள்ளுவதற்காகவேதான் உள்ளே கூட்டி வந்தார்கள். இது எழுதி முடித்தபிறகு வந்த பயம் இல்லை, முதலிலேயே போட்ட திட்டம்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1974இல் ஸ்பைடர்மேன் கதையில் எதிராளியாக வந்துபோன, குற்றவாளிகளைக் கொல்லும் பனிஷர், தொண்ணூறுகள் தொடங்கும்போது மாதத்துக்குப் பல இதழ்களில் துப்பாக்கியோடு நிற்கிறான். 1992இல் இமேஜ் காமிக்ஸ் என்ற பதிப்பகம் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் தசை, தோட்டா, ரத்தம். இவர்களுக்கு நடுவில் கொலை செய்யாத பேட்மேன் பழைய ஆளாகத் தெரிந்தான். பேட்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்த டென்னி ஓ'நீலுக்கு அது உறுத்தியது. வாசகர்களுக்கு வேண்டியது இரக்கமில்லாத நாயகன்தானா என்று சோதித்துப் பார்க்க நினைத்ததைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அந்தச் சந்தேகம் வர வலுவான காரணம் உண்டு. 1988இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இரண்டாவதாக வந்த ஜேசன் டாட் பிழைக்கலாமா, சாகலாமா என்று தொலைபேசி வழியே வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் போய்ச் சேர்ந்தான். அப்போதும் ஆசிரியர் ஓ'நீல்தான். வாசகர்களின் ரசனை எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் அளவுக்குக் கைசுட்டுத் தெரிந்துகொண்டவர் குறைவு.

1992இல் ஓ'நீல் எழுத, ஜோ கெஸாடா வரைந்த நான்கு இதழ் குறுந்தொடரில் ழான் பால் அறிமுகமானான். பேட்மேனின் ஊரான கோதமின் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் சாதுவான மாணவன். புனித டூமாஸின் பெயரில் இயங்கும் ரகசிய மதக்குழு அவனுக்கே தெரியாமல் அவன் மூளைக்குள் அஸ்ரேல் என்ற கொலைகாரனைப் பயிற்றி வைத்திருக்கிறது. அவன் அப்பாவும் அதே வேலை பார்த்தவர். அடுத்த வருடம் பெய்ன் என்ற வில்லன், புரூஸின் முதுகெலும்பை முறிக்கிறான். தொப்பியும் அங்கியும் இந்தப் பையனிடம் வருகின்றன. பல வருடம் கூடவே வளர்ந்த முதல் ராபின் டிக் கிரேசனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அன்றைய வாசகர்களும் கேட்டார்கள். கதைக்குள் ஒரு சமாதானம் இருக்கிறது. உண்மையான பதில், டிக்கிடம் கொடுத்திருந்தால் சோதனையே நடந்திருக்காது என்பதுதான்.

நீங்கள் அவன் பக்கம் நிற்பதற்கு முக்கியமான இடம் அபட்டுவார் சாகும் காட்சி என்று நினைக்கிறேன். சொந்தக் குடும்பத்தையே ஒவ்வொருவராகக் கொல்கிறவன், உருக்கிய உலோகத்தின் மேல் சங்கிலியில் தொங்குகிறான். ழான் பால் கையை நீட்டவில்லை. அவன் கண்ணுக்கு டூமாஸும் செத்துப்போன அப்பாவும் தோன்றுகிறார்கள். அவன் தடுமாறி நிற்கும்போதே அபட்டுவார் விழுந்துவிடுகிறான். அபட்டுவார் கடத்தி வைத்திருந்த உறவினர் எங்கே இருக்கிறார் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அந்த ஆளும் சாகிறார்.

இந்தக் காட்சி எனக்கு ஒப்பவில்லை, ஆனால் உங்கள் காரணத்துக்காக இல்லை. 'பார்த்தாயா, கொன்றால் அப்பாவியும் சாவான்' என்று காட்டுவதற்காகவே ஒருவரை அங்கே கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் இல்லாதிருந்தால் ழான் பால் செய்தது சரி என்று ஆகிவிடுமா? ஆசிரியர் தராசில் விரலை வைத்து அழுத்துகிறார். அப்புறம், மனோசக்தி படைத்த ஒரு டாக்டர் வந்து புரூஸின் முதுகைச் சரிசெய்வதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வாதத்தைக் கதையில் தேடாதீர்கள், உடையில் பாருங்கள். ஆரம்பத்தில் புரூஸின் பழைய உடுப்போடு கையில் மட்டும் உலோக நகங்கள். 'பேட்மேன்' 500ஆம் இதழில் முழுக் கவசம் வருகிறது, அதையும் கெஸாடாதான் வடிவமைத்தார். அந்தக் கவசத்தோடுதான் பெய்னை வீழ்த்துகிறான். கவனியுங்கள், அங்கே பெய்னைக் கொல்லாமல்தான் விடுகிறான். அதாவது அவனுக்கு நிறுத்தத் தெரியும். அதற்குப் பிறகும் நெருப்பு உமிழும் கருவி, அது இது என்று சேர்ந்துகொண்டே போகிறது. அப்போதைய ராபினைப் பேட்மேனின் ரகசியக் குகைக்குள் வரவிடாமல் வழியை அடைக்கிறான். போலீஸ் கமிஷனர் கார்டனுக்கு இது பழைய ஆள் இல்லை என்று சீக்கிரமே புரிந்துவிடுகிறது. பயம் கூடக்கூட இரும்பும் கூடுகிறது. வசனமே இல்லாமல் ஓவியர்கள் மட்டும் சொன்ன கதை இது.

1994இல் வந்த கடைசிப் பகுதியான 'நைட்ஸ்எண்ட்' முடிவு அதைத்தான் அறுவடை செய்கிறது. பலத்தால் அவனை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த புரூஸ், குகைக்குப் போகும் ஒரு குறுகலான பாதைக்குள் அவனை இழுத்துப் போகிறான். கவசத்தோடு நுழைய முடியாது. பின்தொடர வேண்டுமானால் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற வேண்டும். கழற்றுகிறான். கடைசியில் மேலே இருக்கும் மூடி திறக்கிறது, இருட்டில் பார்ப்பதற்கான கண்ணாடிகள் வழியே சூரிய வெளிச்சம் கண்ணைத் தாக்குகிறது. முகமூடியையும் அவனே எடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். புரூஸ் அவனை மன்னித்து அனுப்பிவிடுகிறான், போலீசில் ஒப்படைக்கவில்லை.

நீங்கள் கேட்ட ஜோக்கர் கேள்விக்கு என்னிடம் சுருக்கமான பதில்தான் இருக்கிறது. ஜோக்கர் திரும்பத் திரும்பத் தப்பிப்பது மாதாமாதம் இதழ் விற்க வேண்டிய வியாபாரத்தின் தேவை. அதற்குப் பேட்மேனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. பேட்மேன் ஒருவனைக் கொன்றாலும் அடுத்த வருடம் அவனை உயிர்ப்பித்துவிடுவார்கள்.

தைரியம் பற்றி ஒன்று சொல்லலாம். வேலை முடிந்ததும் ஓ'நீல் இந்தப் பையனைத் தூக்கி எறியவில்லை. வீடில்லாமல் கோதம் தெருவில் நின்றவனுக்கு 1995இல் தனி இதழ் தொடங்கி, 2003 வரை நூறு இதழையும் தானே எழுதினார். விற்பனையில் பேட்மேன் பக்கத்தில்கூட வராத தொடர். கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பாத்திரத்தை, மூளைக்குள் திணிக்கப்பட்டதிலிருந்து வெளியே வர முயலும் ஒருவனாக எட்டு வருடம் எழுதிக்கொண்டிருந்தார். பேரி கிட்சன் வரைந்த ஆரம்ப இதழ்கள் தொகுப்பாகக் கிடைக்கின்றன. நைட்ஃபாலில் அவனைப் பிடித்த உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும். படித்துவிட்டு எழுதுங்கள்.