திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் போர்டு போய்விட்டதா?

கேள்வி: கேமிங் லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. ஒரு மாதமாகத் திரையில் திடீர் திடீரென்று பச்சை, ஊதாக் கட்டங்கள் வருகின்றன. சில சமயம் ஒரு நொடி கருப்பாகித் திரும்பி வருகிறது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டும் பலனில்லை. சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு, 38,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். வாரன்டி முடிந்துவிட்டது. மாற்றிவிடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்), ரேம், கிராபிக்ஸ் சிப், திரைப் பக்கம் (படம் காட்டும் பேனல் அல்லது அதற்குப் போகும் கேபிள்) என இதற்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம். எது என்று பத்து நிமிடத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது.

அடுத்த முறை கட்டம் வந்ததும் விண்டோஸ் பட்டனோடு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது. கேபிள் வழியாக வருவதில்லை. அதனால் அதிலும் கட்டம் இருந்தால் கோளாறு படம் உருவாகிற இடத்தில்: சிப், ரேம், டிரைவர். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பேனல் அல்லது கேபிள்தான். மூடியை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கோணம் மாறும்போது கட்டமும் மாறினால் ஹின்ஜ் (மூடியின் கீல்) பக்கம் கேபிள் நசுங்கியிருக்கிறது. போர்டு விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

டிவியில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். நிறைய கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கும். லேப்டாப்பின் சொந்தத் திரைக்குப் படம் புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வழியாக வரும். இரண்டுக்கும் பாதை வேறு என்பதால், டிவியில் படம் சரியாக வந்ததாலேயே பேனல்தான் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒரு நொடி கருப்பாவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் இடம்) விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியைத் திறந்து 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கருப்பான அதே நேரத்தில் அது பதிவாகியிருந்தால் பேனலை மறந்துவிடலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற வைத்தியம் அது.

விண்டோஸைப் புதிதாகப் போட்டும் ஏன் சரியாகவில்லை? நெட் இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு கிராபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போட்டுவிடும். இரண்டு முறையும் உங்களுக்கு வந்தது அதே டிரைவராக இருந்திருக்கலாம். இப்படிச் செய்யுங்கள். உங்கள் மாடல் எண்ணுக்கு லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் டிரைவரையும், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள். அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் போகும்போது அதைக் கேட்கலாம், இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. பிறகு வைஃபையை அணைத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே அந்த இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்து, ரீஸ்டார்ட் ஆனதும் இறக்கி வைத்ததைப் போடுங்கள். நெட்டை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

இதற்கும் மசியவில்லையா? டிவைஸ் மேனேஜரில் தனி கிராபிக்ஸ் சிப்பை மட்டும் டிஸேபிள் செய்து இரண்டு நாள் ஓட்டுங்கள். கட்டம் நின்றுவிட்டால் சந்தேகம் அந்தச் சிப் மேல்தான். நிற்காவிட்டால் ரேமைப் பாருங்கள். புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சாதாரண ரேமையே கடன் வாங்குகிறது, ரேம் கெட்டால் படமும் சிதறும். இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டினாலே தெரிந்துவிடும். கேம் ஆடி இருபது நிமிடம் கழித்து மட்டும் வருகிறது என்றால் முதலில் விசிறித் தூசியை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

சிப்தான் என்று உறுதியானாலும் 38,000 கொடுக்கச் சொல்ல மாட்டோம். சிப்பை டிஸேபிள் செய்தபடியே அலுவலக வேலை, படிப்பு, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். கேம் கட்டாயம் வேண்டும் என்றால் அந்தத் தொகையைப் புது லேப்டாப்பில் போடுவது மேல்.

கேள்வி: சிப்பை "ரீபால்" செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் அதைப் போர்டோடு இணைக்கும் சால்டர் உருண்டைகளைப் புதிதாகப் போட்டுப் பொருத்துவது. அந்த உருண்டைகளில் வெடிப்பு என்றால் அது உதவும். சிப்பின் உறைக்குள்ளேயே நுண்ணிய இணைப்பு விட்டிருந்தால் உதவாது. சூட்டில் சில வாரம் உயிர் வந்து மறுபடி போகும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் லேப்டாப் சிப்களில் இப்படி வந்த கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சிப்களை ஹீட் கன்னால் சூடாக்கி "ரிப்பேர்" செய்த கடைகள் ஏராளம். புதுச் சிப் போடுகிறாரா, பழையதையே சூடாக்குகிறாரா என்று நேராகக் கேளுங்கள். மூன்று மாத உத்தரவாதத்தைப் பில்லில் எழுதித் தராவிட்டால் வேண்டாம்.

கேள்வி: வாரன்டி இருக்கும்போதே இதே கோளாறுக்கு மூன்று முறை கொடுத்தேன். இப்போது வாரன்டி முடிந்தது, காசு கட்டு என்கிறார்கள்.

பதில்: கோளாறு வாரன்டிக்குள் தொடங்கியது என்பதற்கு உங்கள் மூன்று ஜாப் ஷீட்டுகளே (சர்வீஸ் சென்டர் கோளாறை எழுதித் தரும் சீட்டு) சாட்சி. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஜாப் ஷீட்டில் "டிஸ்ப்ளே பிராப்ளம்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். "பச்சைக் கட்டம், தினம் நான்கைந்து முறை, வீடியோ காட்டப்பட்டது" என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.