ஐஸ்லாந்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி: "மலை, அருவி, பனி எல்லாம் சுவிட்சர்லாந்திலேயே பார்த்துவிடலாமே. அதற்கு மேலும் செலவு செய்து ஐஸ்லாந்துக்கு எதற்குப் போக வேண்டும்?"

நியாயமான கேள்விதான். நான் இரண்டு முறை போய்வந்தவன். முதல் தடவை ஜூன் மாதம், மனைவியோடு எட்டு நாள். அடுத்தது பிப்ரவரியில், நண்பர்கள் மூன்று பேரோடு ஐந்து நாள். சுவிட்சர்லாந்தும் பார்த்திருக்கிறேன். அது கட்டி முடித்துக் கிரகப்பிரவேசமும் ஆகிவிட்ட வீடு. வெள்ளையடித்து, வாசலில் பூச்செடி வைத்து, வந்தவரை உட்காரவைத்துக் காபி கொடுக்கும். ஐஸ்லாந்தில் இன்னும் சாரமே பிரிக்கவில்லை. கொத்தனார் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது, நாம் போய் எட்டிப் பார்க்கிறோம். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நம் பரங்கிமலைப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஐஸ்லாந்து முழுக்கத் தேடினாலும் மிகப் பழைய பாறைக்கு 1.6 கோடி ஆண்டுதான் ஆகிறது. பரங்கிமலைக்கு அது கொள்ளுப்பேத்தி முறைகூட ஆகாது.

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் திங்வெட்லிர் வந்துவிடும். பூமியின் மேலோட்டுப் பாளங்களான வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் இடம். ஒரு காலை அமெரிக்காவிலும் மறுகாலை ஐரோப்பாவிலும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று சிலர் அளப்பார்கள், நம்பாதீர்கள். இடையில் உள்ள பிளவுப் பள்ளத்தாக்கே பல கிலோமீட்டர் அகலம். ஆனால் அதன் மேற்கு ஓரத்தில் இரண்டு கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே நடைபாதை இறங்குகிறது. அதில் நடக்கும்போது, பிளந்த பலாப்பழத்துக்குள் எறும்பு போவது மாதிரி இருந்தது. இதே இடத்தில்தான் 930இல் அவர்களுடைய பாராளுமன்றமான அல்திங்கி கூடியது. சட்டத்தை எழுதி வைக்காத காலம் அது. சட்டம் சொல்பவர் என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் நின்று, வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்வாராம். பாறைச் சுவரில் குரல் எப்படி எதிரொலிக்கும் என்று பார்க்க நானும் கத்திப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

அங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் ஸ்ட்ரோக்குர் என்ற வெந்நீர் ஊற்று. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீச்சியடிக்கும். படங்களில் எல்லோரும் காட்டுவது அந்த 20 மீட்டர் நீர்த்தூணை. அதற்கு ஒரு விநாடி முன்னால் நடப்பதைத்தான் நேரில் பார்க்க வேண்டும். குழியில் தண்ணீர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். ஏறும், பிறகு உள்வாங்கும். கூட்டம் முழுக்க போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை வலிக்க நிற்கும். திடீரென்று நடுவில் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் தண்ணீர் உப்பும். உள்ளே ஆவி திரண்டு வருவது அந்த நீலத்துக்குள் தெரியும். கண்ணை இமைத்தால் போச்சு, அடுத்தது வெடிப்புதான். நான் ஏழு தடவை பார்த்தேன். எட்டாவதுக்கும் நின்றிருப்பேன், மனைவி காருக்குப் போய்விட்டாள்.

நிலத்துக்கு உயிர் இருக்கிறது என்றால் அதற்குக் கோபமும் வரும். 2010இல் ஐரோப்பிய விமானங்களை நாள்கணக்கில் தரையில் உட்காரவைத்த எரிமலை தென்கரைச் சாலையிலிருந்தே தெரிகிறது. எய்யாஃப்யட்லயோகுட்ல் என்ற அதன் பெயரை அங்கே ஒரு கடைக்காரப் பெண் மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் எனக்கு வரவில்லை. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் என்ற மீனவ ஊரின் சுமார் 3,800 பேரையும் ஒரே இரவில் வெளியேற்றினார்கள். அடுத்த மாதமே அருகில் எரிமலை வெடித்தது.

எல்லாவற்றையும் விடக் கொடுமையானது 1783இல் தொடங்கிய லாகி எரிமலை வெடிப்பு. எட்டு மாதம் நீடித்தது. புல்லில் நஞ்சு படிந்து ஆடுமாடுகள் செத்தன, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். அந்த எரிமலைக் குழம்பு உறைந்த நிலத்தின் மேல்தான் இன்று நெடுஞ்சாலை போகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைப் பாசி மெத்தை. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கால் வைத்துவிடாதீர்கள். நசுங்கிய பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டு ஆகும்.

அருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்யாலண்ட்ஸ்ஃபாஸின் பின்பக்கமாகச் சுற்றி நடக்கலாம், ஸ்கோகாஃபாஸ் 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே விழலாக விழுகிறது. இரண்டிலும் நனைவீர்கள். ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். மெரினா நினைப்பில் அலையில் கால் நனைக்கப் போகாதீர்கள். பத்து அலை சாதுவாக வந்து திரும்பும், பதினோராவது கரையின் பாதி தூரத்தை விழுங்கும். அங்கே உயிர் போயிருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டாமல் தள்ளி நின்று பாருங்கள்.

இன்னும் கிழக்கே போனால் யோகுல்சார்லோன். வாட்னயோகுட்ல் பனிப்பாறையின் ஒரு கிளை உடைந்து விழும் ஏரி. 1930கள் வரை அந்த ஏரியே கிடையாது, பனி பின்வாங்க வாங்கத்தான் உண்டானது. மிதந்துபோகும் துண்டுகள் கடலில் சேர்ந்து, அலை திருப்பித் தள்ளி, கருமணலில் ஒதுங்கிக் கிடக்கும். கையளவு துண்டு ஒன்றை எடுத்துக் காதருகே வைத்தேன். உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்று சோடா மூடி திறந்தது போல் படபடவென்று வெளியேறும் சத்தம். பத்து நிமிடம் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன், கை மரத்துப்போகும் வரை. உருகிச் சுருங்கி, பனிப்பாறை என்ற தகுதியை இழந்துவிட்ட ஓக் என்பதற்கு 2019இல் நினைவுப் பலகையே வைத்துவிட்டார்கள். போகிறவர்கள் சீக்கிரம் போவது நல்லது.

அப்புறம் நீச்சல் குளம். ஒவ்வொரு சிற்றூரிலும் பூமிச் சூட்டில் வெந்நீர்க் குளம் இருக்கும். பனி கொட்டும்போதும் திறந்தவெளியில் கழுத்தளவு வெந்நீரில் உட்காரலாம். ஒரு சங்கடம் உண்டு: இறங்குவதற்கு முன் பொதுக் குளியலறையில் உடுப்பு எதுவும் இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும். நம்மவர்களுக்கு உயிர் போகும். முதல் நாள் வாசலோடு திரும்பிவிட்டேன், மூன்றாம் நாள் கூச்சம் விட்டுப்போனது. தொட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம் என்றேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். அவர்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு மகன் என்றால் 'சோன்', மகள் என்றால் 'டோட்டிர்'. தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்களாம். பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து விழிக்கும் இன்னொரு கூட்டத்தை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

சரி, செலவு. சாப்பாடுதான் கையைக் கடிக்கும். சமையலறை உள்ள வீடாகப் பார்த்துத் தங்குங்கள், சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். ஸ்கீர் என்று கெட்டியான பால் பண்டம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நம் கட்டித் தயிர்தான், கொஞ்சம் புளிப்பு குறைவு. வெறும் ஸ்கீராகப் பார்த்து வாங்குங்கள். நான் அவசரத்தில் வெனிலா போட்டதைச் சோற்றில் பிசைந்து ஒரு ராத்திரியை வீணாக்கினேன். மாவடு ஊறுகாய் கொண்டுபோனால் சைவக்காரர்களும் சமாளிக்கலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாயில் குளிர்ந்த நீர் அருமையாக இருக்கும். வெந்நீர்க் குழாயில் அழுகின முட்டை வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், கந்தகம்தான்.

ஜூனில் இருட்டவே இருட்டாது. இரவு பதினொன்றுக்கு வெயிலில் அருவி பார்த்தோம். ஆனால் வடதுருவ ஒளி தெரியாது. அதற்கு செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போக வேண்டும். பிப்ரவரியில் எங்களுக்கு ஐந்து இரவில் ஒரே இரவுதான் கிடைத்தது. முதலில் சாம்பல் நிற மேகம் என்று நினைத்து விட்டுவிட்டோம். போன் கேமராவில்தான் பச்சை தெரிந்தது. பிறகு வலுத்தபோது வெறும் கண்ணுக்கே பச்சையாக ஆடியது. எல்லா இரவும் படத்தில் இருப்பது போல் கொட்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் நாட்டையே வளைத்துப் போகும் சுமார் 1,300 கிலோமீட்டர் வட்டச் சாலையைச் சுற்றக் கிளம்ப வேண்டாம், காருக்குள்ளேயே பொழுது போய்விடும். தென்கரையில் யோகுல்சார்லோன் வரை நிதானமாகப் போய்த் திரும்புங்கள். காரை எப்போதும் காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். என் நண்பன் ஒற்றைக் கையால் திறந்தான். காற்று கதவைப் பிடுங்கிப் பின்பக்கமாக மடித்துவிட்டது. காற்றால் வரும் சேதம் இன்சூரன்ஸில் சேராது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அதற்குப் பிறகுதான் நான்கு பேரும் உட்கார்ந்து படித்தோம்.