‘அனந்திரவன்’ என்பவர் மகனா? திருவிதாங்கூர் காலத்து ஆதாரங்களும் இன்றைய வாரிசுரிமையும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தைச் சேர்ந்தவன் நான். எங்களுடையது மருமக்கள்வழி (பெண்வழி வாரிசுமுறை) பின்பற்றிய நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பம். அப்பா மறைந்தபின் இரண்டு பழைய ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்) கைக்குக் கிடைத்தன. ஒன்று, கொல்லம் 1098 மேடத்தில் என் பாட்டிக்கும் அவருடைய மக்களுக்கும் ஒரு தென்னந்தோப்பை ‘உகந்துடைமை’யாக (கணவரின் குடும்பச் சொத்திலிருந்து மனைவி மக்களுக்கு ஒதுக்கும் பங்காக)க் கொடுத்த ஆதாரம். மற்றொன்று, 1107 தனு 20 தேதியிட்ட, மலையாளத்தில் எழுதிய பாகபத்திரம். இதில் என் தாத்தா, முதல் நபரான காரணவரின் ‘அனந்திரவன்’ என்று குறிக்கப்பட்டுள்ளார். ஆகவே காரணவரைத் தாத்தாவின் தந்தையாக வைத்து வம்சாவளி எழுதியிருக்கிறேன். அவருடைய சொத்து முழுவதையும் கேட்டு வழக்குத் தொடுக்கலாமா? காரணவரின் சகோதரி வழியில் வந்த உறவினர் ஒருவரோ, அந்தத் தோப்பே தங்கள் குடும்பத்துக்குரியது என்கிறார். தாத்தா 1962-லும் பாட்டி 1971-லும் உயில் எழுதாமல் காலமானார்கள்.

பதில்: இப்போது எழுதி வைத்திருக்கும் வம்சாவளியோடு வழக்குத் தொடுக்க வேண்டாம். நீங்கள் சுருக்கமாகத் தந்துள்ள விவரங்களிலிருந்தே, அதன் இரண்டாம் படி, அதாவது காரணவரைத் தாத்தாவின் தந்தையாகக் காட்டும் இடம், தவறாக இருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். அந்தப் படியை நம்பி நீங்கள் கேட்கப்போகும் சொத்து உங்களுக்குக் கிடைக்காது. அதே நேரத்தில், நீங்கள் கேட்க நினைக்காத ஓர் உரிமை அந்தப் பாகபத்திரத்திலேயே உங்கள் தாத்தாவின் பெயரில் இருக்கக்கூடும்.

மருமக்கள்வழிக் குடும்பத்தில் ஒருவர் உறுப்பினராவது தாய் வழியாக மட்டுமே. குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் மூத்த ஆண் காரணவர். அவருக்கு இளையவர்களாக, அதே பெண்வழியில் பிறந்தவர்கள் அனந்திரவர்கள். ஆகவே அனந்திரவன் என்று எழுதப்பட்டவர் காரணவரின் சகோதரியின் மகனாக இருக்கலாம். சகோதரியின் மகள் வயிற்றுப் பேரனாக இருக்கலாம். சில ஆதாரங்களில் உடன்பிறந்த தம்பியாகவும் இருப்பதுண்டு. மகனாக மட்டும் சாதாரணமாக இருக்க இயலாது, ஏனென்றால் காரணவரின் பிள்ளைகள் அவருடைய மனைவியின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் தகப்பனின் தரவாட்டுச் சொத்தை, அதாவது அவர் பிறந்த மருமக்கள்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தைப் பாகம் வைக்கும் பத்திரத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. உங்கள் தாத்தா அந்தப் பத்திரத்தில் ஒரு நபராகக் கையெழுத்திட்டிருப்பதுதான், அவர் காரணவரின் மகன் அல்லர் என்பதற்கு வலுவான சான்று. இதை உறுதிசெய்ய, பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கும் முன்னால் யாருடைய மகன் அல்லது மகள் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் அது தாயின் பெயர். இன்று நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடும் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கக் கூடாது.

அடுத்ததாக, உங்கள் தாத்தாவுக்கு என்ன ஒதுக்கப்பட்டது, எவ்வாறு ஒதுக்கப்பட்டது என்பதைப் பட்டிகையில் (பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியலில்) தேடுங்கள். ‘தாவழி’ என்பது ஒரு பெண்ணும் அவள் பெண்வழிச் சந்ததிகளும் சேர்ந்த கிளை. ‘ஆளோகரி’ என்பது தலைக்கு ஒன்றாகக் கணக்கிட்ட பங்கு. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களுக்கென்று திருவிதாங்கூர் அரசு கொல்லம் 1101-இல் இயற்றிய 6-ஆம் சட்டம் பாகம் பிரித்துக்கொள்வதற்கு வழிசெய்தது. அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் இந்தப் பகுதியில் பாகபத்திரங்கள் மிகுதியாக எழுந்ததற்கு இதுவே காரணம். உங்களுடைய 1107 பத்திரமும் அந்த வரிசையில் வந்ததுதான். தாத்தாவுக்கு ஆளோகரியாகத் தனிப் பட்டிகை ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த நிலம் அன்றிலிருந்து அவருடைய தனிச்சொத்து. மாறாக, அவருடைய தாயின் தாவழிக்கு என்று மொத்தமாக ஒதுக்கிவிட்டிருந்தால், அந்தத் தாவழிக்குள் அவருக்குப் பிரிக்கப்படாத ஒரு பங்கு உண்டு. இந்த இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழக்கறிஞராலும் உங்களுக்குச் சரியான மனு எழுதித்தர முடியாது.

தேதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பது தேதியில்தான் இருக்கிறது. கொல்லம் ஆண்டு சிங்ஙம், அதாவது ஆவணி மாதத்தில் பிறக்கிறது. சிங்ஙம் முதல் டிசம்பர் 31 வரை உள்ள தேதிக்குக் கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய உள்ள தேதிக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே 1098 மேடம் என்பது 1923 ஏப்ரல்–மே. தனு (மார்கழி) மாதத்தில்தான் தவறு நேரும், ஏனென்றால் அதன் நடுவில் ஆங்கிலப் புத்தாண்டு வருகிறது. 1107 தனு 20 என்பது 1931 அல்ல, 1932 ஜனவரியின் முதல் வாரம். இப்படிப் பார்த்தால் உங்கள் உகந்துடைமை ஆதாரம் 1101-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தியது. அதற்கு அன்றைய வழக்கமே அடிப்படை. பாகபத்திரமோ சட்டத்துக்குப் பிந்தியது. இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கக் கூடாது.

மூன்றாவதாக ஒரு தேதியும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 17.6.1956 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன, 1.11.1956 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இரு பக்கமும் அந்தச் சட்டம் ஒன்றே என்பதால், மாநிலம் மாறியதால் உங்கள் வழக்கில் எதுவும் மாறவில்லை. ஆனால் நெய்யாற்றின்கரைப் பக்கத்து உறவினர்கள் 1976-இல் கூட்டுக்குடும்பமே ஒழிந்துவிட்டது என்று சொன்னால், அது 1.12.1976 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டத்தைப் பற்றிய பேச்சு. அந்தச் சட்டம் குமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது.

உங்கள் தாத்தா 1962-இல் இறந்திருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டம் மருமக்கள்வழி என்று வரையறுக்கும்போது நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதன் 7-ஆம் பிரிவின்படி, 1956-க்குப் பின் இறக்கும் மருமக்கள்வழி உறுப்பினரின் பிரிக்கப்படாத பங்கு தரவாட்டுக்குத் திரும்பிச் செல்லாது. அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் உயிரோடிருந்த எல்லா உறுப்பினர்களுக்கும் தலைக்கு ஒன்றாகப் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அந்த அளவு அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். தனிச்சொத்தாக இருந்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே. 1962-இல் அவருடைய வாரிசுகள் உங்கள் பாட்டி, அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், அப்போது உயிரோடிருந்தால் அவருடைய தாய் ஆகியோர். எல்லோருக்கும் சம பங்கு.

நீங்கள் அனுப்பிய வம்சாவளியில் தாத்தாவின் ஆண்மக்கள் இருவர் மட்டுமே இருக்கிறார்கள். உங்களுக்கு அத்தைமார் உண்டென்றால், அவர்களையும், அவர்கள் இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளையும் அதில் சேர்க்காமல் விடுவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. பெண்களுக்குப் பங்கு வந்தது 1989 அல்லது 2005 திருத்தங்களுக்குப் பிறகுதான் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தத் திருத்தங்கள் மக்கள்வழி (தகப்பன்வழி)க் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தவை. உங்கள் தாத்தாவின் சொத்தில் உங்கள் அத்தைமாரின் சம உரிமை அவர் கண்மூடிய நாளிலேயே வந்துவிட்டது. பெண்வழியாகவே உறவைக் கணக்கிட்ட ஒரு குடும்பத்தின் வம்சாவளியில் பெண்களின் பெயர் விடுபட்டுப்போவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் ஒருவரைச் சேர்க்காமல் விட்டாலே வழக்கு நிலைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி தோப்பு. உகந்துடைமை என்பது, மருமக்கள்வழிக் குடும்பத்து ஆண் ஒருவரின் மனைவிக்கும் மக்களுக்கும் அந்தக் குடும்பச் சொத்திலிருந்து ஒதுக்கிக் கொடுக்கும் பங்கு. தகப்பனின் தரவாட்டில் உறுப்பினராக இல்லாத பிள்ளைகள் ஆதரவின்றி நின்றுவிடாமல் இருக்க நாஞ்சில் நாட்டில் இருந்த வழக்கம் அது. உறவினர் சொல்வது ஓரளவு உண்மை: தோப்பு ஒரு காலத்தில் அவர்கள் தரவாட்டுக்குரியதாக இருந்திருக்கும். ஆனால் முறையாகக் கொடுக்கப்பட்டபின் அது திரும்பக் கேட்கும் பொருள் அல்ல. ஆதாரத்தில் விற்பதற்கும் மாற்றுவதற்கும் முழு உரிமை கொடுத்திருக்கிறதா, ஆயுள்கால அனுபவம் மட்டுமா என்பதை வரிவரியாகப் பாருங்கள். முழு உரிமை என்றால் சிக்கலே இல்லை. அனுபவம் மட்டும் என்று எழுதியிருந்தாலும், 1956-இல் பாட்டி அந்த உரிமையோடு தோப்பை வைத்திருந்தார் என்றால், வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அவரை முழு உரிமையாளராக்கியிருக்க இடமுண்டு. ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்தில், ஆவணத்தின் கட்டுப்பாடு பெண்ணின் முழு உரிமையைத் தடுக்காது என்று துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. உகந்துடைமையை அத்தகைய முன்னுரிமையாக நீதிமன்றம் ஏற்குமா என்பது, அந்த வழக்கத்தை நீங்கள் எவ்வளவு சான்றோடு மெய்ப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இத்தனை ஆண்டுகளாகத் தீர்வை கட்டிய ரசீதுகளும் தடையற்ற அனுபவமும் உங்கள் பக்கம் இருந்தால், உறவினரின் கோரிக்கை காலவரம்புச் சட்டத்தைத் தாண்டுவதே கடினம்.

அந்த ஆதாரம் பாட்டிக்கு மட்டுமல்ல, ‘மக்களுக்கும்’ சேர்த்து எழுதப்பட்டது என்கிறீர்கள். 1923-இல் பிறந்திருந்த பிள்ளைகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தால் அவர்களுக்கு அதிலேயே நேரடிப் பங்கு உண்டு. பின்னால் பிறந்தவர்களுக்கு உள்ள உரிமை, அந்த ஆதாரத்தின் சொற்களையும், 1971-இல் பாட்டியின் பங்கு எவ்வாறு இறங்கியது என்பதையும் சார்ந்தது. மருமக்கள்வழிப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் செல்லும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது.

பத்திரத்தில் காணும் மற்ற சில சொற்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாத்தாவின் சகோதரி பெயருக்கு முன்னால் ‘டி’ என்று ஒரு முதலெழுத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். மலையாள ஆதாரங்களில் ‘டி’ என்பது மேற்படி என்பதன் சுருக்கம், யாருடைய பெயரின் முதலெழுத்தும் அல்ல. ‘பரேதன்’ என்றால் காலமானவர். அதை ஒரு தனி ஆளாக எண்ணிவிடாதீர்கள். ‘ஒழிமுறி’ என்பது உரிமையை விட்டொழிக்கும் விடுதலை ஆவணமாகவும் இருக்கலாம், திருமண உறவை முறிக்கும் ஆவணமாகவும் இருக்கலாம்; உள்ளே படித்தால்தான் தெரியும். பட்டிகையில் ‘ஒற்றி’ என்று குறித்த நிலம் அனுபவத்தோடு கூடிய அடைமானம். குடும்பம் அதன் உரிமையாளர் என்று கருதிவிடக் கூடாது. ‘ஸ்ரீபண்டாரவகை’ என்றால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய நிலம்; குமரி மாவட்டத்தில் அத்தகைய நிலங்களை 1964-ஆம் ஆண்டின் சட்டம் ரயத்துவாரியாக (அரசிடம் நேரடியாகப் பட்டா பெறும் முறையாக) மாற்றியதால், அதற்குப் பிந்திய பட்டா ஆவணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சான்று விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தகராறு எழுந்தபின் நீங்கள் எழுதிய வம்சாவளி, உங்கள் கூற்று மட்டுமே. அது தானாக எதையும் மெய்ப்பிக்காது. தகராறு எழுவதற்கு முன் இறந்துபோன உறவினர்கள் உயில், ஆதாரம், குடும்ப வம்சாவளி, கல்லறைக் கல் போன்றவற்றில் உறவுமுறையைக் குறித்து எழுதி வைத்தவைதான், பழைய சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவிலும் அதன் இடத்தில் 1.7.2024 முதல் வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 26-ஆம் பிரிவிலும் மதிப்புப் பெறுபவை. அந்த வகையில் உங்கள் 1107 பாகபத்திரம் மிக உயர்ந்த சான்று. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அசல் ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்துகள் உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆகவே அசலை லேமினேட் செய்வதோ, அதன் ஓரத்தில் குறிப்பு எழுதுவதோ வேண்டாம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் அலுவலகப் பயன்பாட்டுக்கு உதவும். சொத்துரிமையை அது தீர்மானிக்காது.

முதலில் உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு ஆதாரங்களுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். இத்தனை பழைய பதிவுகளுக்குக் கையால் எழுதிய புத்தகங்களைத் தேட வேண்டியிருப்பதால் பதிவு எண், ஆண்டு, அலுவலகப் பெயர் மூன்றையும் தெளிவாகக் கொடுங்கள். பாகபத்திரத்தைப் பழைய ஆதார மலையாளம் அறிந்தவரிடம் கொடுத்து, பட்டிகை உட்பட முழுவதையும் மொழிபெயர்க்கச் செய்யுங்கள். பிறகு அத்தைமாரின் குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் திருத்திய வம்சாவளியோடு நாகர்கோவிலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கடினமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், தகுதியுள்ளவர்களுக்கு வழக்கறிஞர் உதவி கிடைக்கும். தோப்பைப் பற்றி உறவினரோடு சமரசம் பேசவும் அங்கே வழியுண்டு.