நிறுத்தி வச்ச வண்டியை யாரோ உரசிட்டுப் போயிட்டாங்க... வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். எங்க அபார்ட்மென்ட் வாசல்ல ரோட்டோரமா ஸ்விஃப்ட் நிறுத்தியிருந்தேன், சிவப்பு கலர். காலைல வந்து பாத்தா பின் பம்பர் ஓரத்துல நீளமா உரசி வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு, பின் சக்கரத்துக்கு மேல லேசா நசுங்கியும் இருக்கு. யாருன்னு தெரியல. சர்வீஸ் சென்டர்ல டிங்கரிங் 2,400, பெயிண்டிங் 7,000, மொத்தம் 9,400னு எஸ்டிமேட் போட்டுட்டு "இன்சூரன்ஸ்ல பண்ணிடலாம் மேடம், கையில இருந்து ஒண்ணும் போகாது"ங்கறாங்க. வீட்டுக்காரர் மொதல்ல போலீஸ் கம்ப்ளெய்ன்ட்ங்கறார். அஞ்சு வருஷமா க்ளெய்மே பண்ணல, ஃபுல் இன்சூரன்ஸ்தான், ஆனா ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம குடுக்கற கவர்) எடுக்கல. என்ன பண்ணலாம்?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கையில இருந்து ஒண்ணும் போகாதுன்னு சொன்னாங்களா, அங்கதான் மேடம் உஷாராகணும். 1500 சிசிக்குள்ள இருக்கற காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் மொத 1,000 ரூவா உங்களோடது, பெரிய இன்ஜினா இருந்தா 2,000, இது எல்லா ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசிலயும் உண்டு. அடுத்து பெயிண்டிங் பில்லுல கால்வாசியை மெட்டீரியல் செலவுன்னு எடுத்துக்கிட்டு அதுல பாதியை தேய்மானம்னு கழிப்பாங்க. 7,000ல கால்வாசி 1,750, அதுல பாதி 875. ஆக உங்க கையில இருந்து 1,875 போகும், இன்சூரன்ஸ் கம்பெனி 7,525 குடுக்கும். நல்ல வேளை, பம்பரை மாத்தச் சொல்லல. பிளாஸ்டிக் பார்ட்டை மாத்துனா ஜீரோ டெப் இல்லாதவங்களுக்கு அதோட விலையில பாதி அப்படியே போயிடும்.

7,525 வருதே வாங்கிக்கலாமேன்னு தோணும். ஆனா அஞ்சு வருஷம் க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு உங்களுக்கு 50 சதவீதம் என்சிபி (நோ க்ளெய்ம் போனஸ்) ஓடிக்கிட்டிருக்கும், ஓன் டேமேஜ் பிரீமியத்துல, அதாவது நம்ம வண்டி சேதத்துக்குக் கட்டற பங்குல, பாதி தள்ளுபடி. இப்ப க்ளெய்ம் பண்ணா அடுத்த ரினியூவல்ல அது பூஜ்யம். அப்புறம் மறுபடி 20, 25, 35, 45ன்னு ஏறி 50க்கு வரணும். என்சிபி கழிவுக்கு முன்னாடி உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000ன்னு வச்சுக்குவோம், மொத வருஷம் 3,000 நஷ்டம், அடுத்தது 1,800, அதுக்கடுத்தது 1,500, அப்புறம் 900, கடைசியா 300. கூட்டிப் பாருங்க, 7,500. கம்பெனி குடுக்கறது 7,525. அதாவது 25 ரூவா லாபம், அதுக்கு சேதத்தைப் பாக்க வர்ற இன்சூரன்ஸ் சர்வேயருக்கு காத்திருந்து, வண்டியை ரெண்டு மூணு நாள் விட்டுட்டு, ஆட்டோவுல ஆபீஸ் போய்... அந்த ஆட்டோ காசுக்கே பத்தாது. (வண்டி பழசாக ஆக பிரீமியமும் இறங்கும், ரெண்டு பக்கமும் ஜிஎஸ்டி இருக்கு, அதனால கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்.) உங்க பாலிசியை எடுத்து என்சிபி கழிக்கறதுக்கு முன்னாடி இருக்கற ஓன் டேமேஜ் தொகையைப் பாத்து அதோட ஒண்ணேகால் மடங்கு எவ்வளவு வருதுன்னு போடுங்க. கம்பெனி குடுக்கப் போற தொகை அதைத் தாண்டலன்னா க்ளெய்ம் பக்கமே போகாதீங்க. என்சிபி பாதுகாப்பு ஆட் ஆன் (கூடுதல் கவர்) போட்டிருந்தா மட்டும் இந்தக் கணக்கு வேற.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பம்பர்ல ஒட்டியிருக்கற வெள்ளை உங்க பெயிண்ட் இல்ல, அவன் வண்டியோடது. விரல் நகத்தை அந்தக் கோட்டுக்கு குறுக்கால மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் மாட்டாம வழுக்கிட்டுப் போச்சுன்னா மேல இருக்கற கிளியர் கோட்டோட நின்னிருக்கு, ரப்பிங் கம்பவுண்ட் போட்டு தேய்ச்சா முக்கால்வாசி போயிடும், பெயிண்டிங்கே வேணாம். நகம் மாட்டுச்சுன்னா ஆழமா போயிருக்குன்னு அர்த்தம். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அதனால அவசரமில்ல, அப்படியே விட்டாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. சக்கரத்துக்கு மேல இருக்கறதுதான் தகரம். அங்க பெயிண்ட் உரிஞ்சு தகரம் தெரிஞ்சுதுன்னா நம்ம ஊர் உப்புக்காத்துக்கு சீக்கிரமே துரு ஆரம்பிச்சிடும், கதவு பக்கமோ பானெட்டுக்கு உள்ளயோ ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல கலர் கோட் இருக்கும், அதைச் சொல்லி டச் அப் பெயிண்ட் வாங்கி இப்போதைக்கு மூடி வைங்க. பெயிண்ட் போகாம வெறுமனே நசுங்கியிருந்தா உள்பக்கமா கம்பி விட்டு நெம்பி எடுக்கற ஆளுங்க இருக்காங்க, பட்டி பாக்க வேணாம், பெயிண்ட் வேணாம், செலவும் கம்மி. சர்வீஸ் சென்டர்ல இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க, ஏன் சொல்லணும்!

போலீஸ் விஷயம். இந்த சைஸ் ஓன் டேமேஜ் க்ளெய்முக்கு பொதுவா எஃப்ஐஆர் கேக்க மாட்டாங்க. கேட்டா ஸ்டேஷன்ல மனு எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கலாம். உங்க வீட்டுக்காரர் கோவம் நியாயம்தான், ஆனா நம்பர் இல்லாம போனா அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க? அந்த எனர்ஜியை கேமராவுல காட்டச் சொல்லுங்க. எதிர் கடை, பக்கத்து பில்டிங், எங்க கேமரா இருந்தாலும் அன்னைக்கே போய் கேக்கணும், ஏன்னா ரெக்கார்டர் நிறைஞ்சதும் பழசு மேலயே புதுசு எழுதிடும். மானிட்டர்ல ஓடறதை போன்ல எடுக்கறப்ப மூலையில இருக்கற டைமும் சேர்ந்து விழற மாதிரி எடுங்க, அந்த டைம் சரியா ஓடுதான்னும் உங்க போனை பக்கத்துல வச்சுப் பாத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, ஹிட் அண்ட் ரன் கேஸுக்கு கவர்மென்ட்டே நஷ்டஈடு தருதாமே, நிறுத்தி வச்ச காருக்கு கிடைக்குமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கிடைக்காது தம்பி. அது மோட்டார் வாகனச் சட்டம் 161ஆவது பிரிவு, உயிர் போனா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000. மனுஷங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: மால்ல பேஸ்மென்ட்ல விட்ட வண்டியில கதவுல இடிச்சிருக்காங்க. கேட்டா டோக்கன்ல "ஓனர்ஸ் ரிஸ்க்"னு போட்டிருக்கறதைக் காட்டறாங்க. காசு மட்டும் வாங்கறாங்கல்ல?
- வாசகர், வேளச்சேரி

பதில்: நீங்களே ஓட்டிட்டுப் போய் நிறுத்தி சாவியை கையில வச்சிருந்தீங்களா, இல்ல வேலே ஆள்கிட்ட (வண்டியை வாங்கிட்டுப் போய் நிறுத்தித் தர்றவர்) குடுத்தீங்களா? அங்கதான் விஷயமே இருக்கு. சாவியைக் குடுத்துட்டா வண்டி அவங்க பொறுப்புக்குப் போயிடுது. டெல்லியில ஒரு பெரிய ஹோட்டல்ல 1998ல வேலேகிட்ட குடுத்த மாருதி ஜென் திருடு போய், கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, டோக்கன்ல ஓனர்ஸ் ரிஸ்க்னு அச்சடிச்சிட்டா மட்டும் ஹோட்டல் தன்னோட கவனக்குறைவுல இருந்து தப்பிச்சுக்க முடியாதுன்னு 2019 நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. நீங்களே நிறுத்தியிருந்தா மால்கிட்ட இருந்து காசு வாங்கறது கஷ்டம். ஆனா கேமரா அவங்ககிட்ட இருக்கு, அதுக்கு சண்டை போடுங்க. வெளிய வர்றதுக்கு முன்னாடி, வண்டியை நகத்தாம, தூண் நம்பரும் பக்கத்து வண்டி நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு பார்க்கிங் ஆபீஸ்ல எழுத்துல புகார் குடுத்து சீல் வாங்கிக்கோங்க. கேட்டைத் தாண்டிட்டா "வெளில எங்கயோ இடிச்சிருப்பீங்க"ன்னுடுவாங்க.

கேள்வி: கேமராவுல நம்பர் கிடைச்சிடுச்சு சார். எம்பரிவாகன் ஆப்ல போட்டா பேர் பாதி ஸ்டாரா வருது. எங்க பிளாக்குக்கு வந்துட்டுப் போற வண்டிதான். என்ன பண்ண?
- வாசகர், கோவை

பதில்: முழுப் பேரும் அட்ரஸும் நமக்குக் காட்டாது, போலீஸ் எடுத்துக்குவாங்க. அடிக்கடி வர்ற வண்டின்னா செக்யூரிட்டி ரெஜிஸ்டர்ல எந்த வீட்டுக்கு வந்தாங்கன்னு இருக்குமே, அசோசியேஷன் செக்ரெட்டரியை கூட வச்சுக்கிட்டு அந்த வீட்டுல போய் பேசுங்க. வீடியோவை ஃபிளாட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு அப்புறம் பேசப் போகாதீங்க, அதோட அந்தாள் வீம்புக்கு நிப்பார். எஸ்டிமேட்டைக் காட்டி தொகையைக் கேளுங்க, ஜிபேல வாங்குங்க, என்னத்துக்குன்னு ஒரு வரி மெசேஜ் போடச் சொல்லுங்க. அவர்கிட்ட காசு வாங்கிட்டு அதே அடிக்கு இன்சூரன்ஸ்லயும் க்ளெய்ம் பண்றது மோசடி. அவர் மறுத்தா அவரோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மேல கேக்கலாம், 7.5 லட்சம் வரைக்கும் பொருள் சேதத்துக்கு கவர் உண்டு, ஆனா அது விபத்து தீர்ப்பாயம் வழியா போகணும். சின்ன கீறலுக்கு யாரும் அவ்வளவு தூரம் போறதில்ல.

கேள்வி: இடிச்சது நான்தான் சார். போன வாரம் ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு காரோட ஹெட்லைட் ஓரம் தட்டிடுச்சு. பத்து நிமிஷம் நின்னு பாத்தேன், யாரும் வரல, கிளம்பிட்டேன். தப்பா?
- பேர் வேண்டாம், திருச்சி

பதில்: தப்புதான். அடுத்தவங்க பொருளுக்கு சேதம் ஆனாலும் தகவல் சொல்ற பொறுப்பு டிரைவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவுல இருக்கு, மீறினா 187ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். ஹெட்லைட் ஓரம் கண்ணாடி விரிசல் விட்டிருந்தா மழைத்தண்ணி உள்ள இறங்கி முழு அசெம்பிளியே மாத்த வேண்டி வரும், அந்தாளுக்கு அது பெரிய செலவு. இந்த வாரமே அந்த இடத்துக்குப் போங்க, பக்கத்து கடைல, வாட்ச்மேன்கிட்ட கேளுங்க, தினம் அங்க நிறுத்தறவரா இருந்தா கண்டுபிடிச்சிடலாம். அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா பெட்ரோல் பில்லுக்குப் பின்னாடி உங்க பேரும் நம்பரும் எழுதி வைப்பருக்கு அடியில சொருகிட்டு வாங்க, மழை வர்ற மாதிரி இருந்தா ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு. கிளம்பறதுக்கு முன்னாடி அதையும் அந்த அடியையும் நீங்களும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, இல்லன்னா பழைய அடிக்கெல்லாம் சேர்த்து உங்க தலைல கட்டிடுவாங்க.